நூறாவது பாட்டில் ஒரு பெயர்

தன்னைப் பற்றிய பாட்டைக் கேட்டே ஒரு பல்லவ அரசன் செத்துப்போனான் என்று ஒரு கதை இருக்கிறது. ஆட்சி கிடைக்காத தம்பி, அண்ணன்மேல் நூறு பாட்டு எழுதினான். கேட்க இனிமையாக இருக்கும்படி எழுதி, நடுநடுவே சாவுக்கான சொற்களை வைத்தான். முழுவதையும் கேட்டால் உயிர் போகும் என்று தெரிந்தும் அரசன் கேட்டே தீருவேன் என்று அடம்பிடித்தான். நூறு பந்தல் போட்டார்கள். ஒரு பாட்டு முடிய ஒரு பந்தல் எரிந்தது. கடைசிப் பந்தலில் அவன் விறகின்மேல் படுத்துக்கொண்டு நூறாவது பாட்டைக் கேட்டான். அதோடு சரி.

இப்படிப் பாடுவதற்கு அறம் பாடுதல் என்று பெயர். கொல்லுகிற வேலைக்கு அறம் என்று பெயர் வைத்த மொழி வேறு எதுவும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

கதைக்கு வரலாற்று ஆதாரம் கிடையாது என்கிறார்கள். மேடைக்கு ஆதாரம் தேவையில்லை. மலேசியாவில், கிள்ளானில், தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றபின் இதை நாடகமாக எழுதினேன். நூறாவது பாட்டைப் பழைய ஏட்டிலிருந்து எடுக்காமல் நானே ஒரு வெண்பாவாக எழுதினேன். அந்த ஒரு வெண்பாவுக்கு ஏழு மாதம் ஆனது. கிள்ளானில் மூன்று முறை போட்டோம். அரசனாக நடித்தவர் இன்றும் நலமாக இருக்கிறார். எடை மட்டும் கூடியிருக்கிறது.

அதன் காணொளியைப் பார்த்துவிட்டுக் கல்பாக்கத்திலிருந்து ஒரு நாடகக் குழு அனுமதி கேட்டது. பல்லவன் கதை பல்லவன் மண்ணுக்குப் போகிறது என்று எனக்கு ஒரே பெருமை. அனுமதியையும் கொடுத்து, பின்னாலேயே நானும் கிளம்பிவிட்டேன்.

முதல் நாள் செங்கல்பட்டுக்கு மின்ரயில். கூடுவாஞ்சேரியில் பாதி ரயில் இறங்கியது. இறங்கியவர்களோடு என் பையும் இறங்கிவிட்டது. நான் கத்துவதற்குள் பிளாட்பாரத்திலிருந்து ஒருவர் அதைத் தூக்கி ஜன்னல் பக்கம் வந்தார். "இன்னா பெரியவரே, உங்க மூட்டை எங்க கூட வந்துகினு கீது. புடிங்க." பை ஜன்னல் கம்பிக்குள் நுழையவில்லை. ரயில் நகர, அவர் கூடவே ஓடி வந்து வாசலில் நின்றவர் கையில் கொடுத்தார். கிள்ளானில் என் பையை யாரும் தவறுதலாகக்கூடக் கொண்டுபோனதில்லை. கொண்டுபோயிருந்தால் திரும்பி வந்தும் இருக்காது.

செங்கல்பட்டிலிருந்து பஸ். வழியெல்லாம் பஞ்சர் கடை முதல் பாலர் பள்ளி வரைக்கும் பல்லவன் பெயர்தான். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றபோது உச்சி வேளை. அந்த மலைக்குத் தினமும் நண்பகலில் இரண்டு கழுகுகள் வந்து பொங்கல் சாப்பிட்டுப் போகும், அவை சாபம் பெற்ற முனிவர்கள் என்பது கதை. பக்கத்தில் இருந்தவரிடம் இப்போதும் வருகின்றனவா என்று கேட்டேன். "வர்றதில்ல சார். நிறைய வருசமாச்சு," என்றார். சொல்லிக்கொண்டே குனிந்து ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். எதிர் இருக்கைக்காரரும் பார்த்தார். டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டரும் ஒரு நொடி பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு காக்கை கூட இல்லை.

கல்பாக்கம் அணுமின் நிலைய ஊர். அதை ஒட்டியிருக்கும் புதுப்பட்டினத்தில் ஜமால் பாய் எனக்காகக் காத்திருந்தார். சவுண்ட் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். கல்யாணம், கட்சிக் கூட்டம், தர்கா உரூஸ், தேர்த் திருவிழா எல்லாவற்றுக்கும் அவர் மைக்தான். நாடகத்தின் இயக்குநரும் அவர்தான். கடை மாடியில் எனக்கு ஒரு அறை ஒதுக்கியிருந்தார். அறையில் கட்டிலைச் சுற்றிப் பதினெட்டு ஒலிபெருக்கிகள் இருந்தன.

சாப்பிடக் கூப்பிட்டார். "காலையிலேயே பசியாறிட்டேன்," என்றேன்.

"பசி ஆறிடுச்சா? ஏன், உடம்பு சரியில்லையா?" என்றார்.

எங்கள் ஊரில் காலை உணவு சாப்பிடுவதற்குப் பசியாறுதல் என்று பெயர் என விளக்கினேன். "இங்க அது நாஸ்தா சார்," என்று சொல்லிவிட்டு, அதையும் மீறி ஒரு தட்டு பிரியாணி வைத்தார்.

இரண்டாம் நாள் ஒத்திகை. சமுதாயக் கூடத்துக்கு நடிகர்கள் வேலை முடிந்து சைக்கிளிலும் அலுவலக பஸ்ஸிலும் வந்தார்கள். எல்லோரும் விஞ்ஞானிகள், தொழில்நுட்பர்கள். தம்பியாக நடிப்பவர் பகலில் பம்புகளைப் பார்த்துக்கொள்கிறார். பாட்டைப் பாடப்போகும் சங்கீதா, ஊழியர்கள் உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டிருக்கிறது என்று அளந்து கணக்கு வைக்கிற வேலையில் இருப்பவர். நல்ல குரல். அரசன் அன்பரசு. ஐம்பது வயதைத் தாண்டியவர். ஆலையில் கிரேன் ஓட்டுகிறார். மீசை சொந்த மீசை.

நன்றாகவே செய்தார்கள். மேடையில் நூறு பந்தலுக்கு இடமில்லை என்று ஆறாகக் குறைத்திருந்தார்கள். ஆறாவது பந்தல் வந்தது. அன்பரசு விறகின்மேல் படுத்தார். சங்கீதா வாயைத் திறந்தார். உடனே ஜமால் பாய் கையைத் தட்டி, "சரி, டீ சாப்பிடலாம்," என்றார்.

"கடைசிப் பாட்டு?" என்றேன்.

"அத்த ரிகர்சல்ல பாடறதில்ல சார். ஸ்டேஜ்ல மட்டுந்தான்."

"நம்பிக்கையா?"

"சேச்சே. நான் நம்பறதில்ல. இங்க யாரும் நம்பறதில்ல. எல்லாம் படிச்சவங்க."

"அப்புறம்?"

"பாடறதுமில்ல," என்றார்.

அணு உலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் ஒரு வெண்பாவைக் கண்டு ஒதுங்குகிறார்கள். எழுதியவன் என்ற முறையில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. அதை மறைத்துக்கொண்டு டீ குடித்தேன்.

டீ குடிக்கும்போது ஜமால் பாய் இன்னொரு விஷயமும் சொன்னார். அன்பரசுவுக்கு இதயத்தில் அடைப்பு. நாடகம் முடிந்த ஐந்தாம் நாள் பைபாஸ் ஆபரேஷன். வேறு ஆளைப் போடலாம் என்று சொல்லிப் பார்த்தார்களாம். கேட்கவில்லை. டாக்டரிடமே போய், படுத்துக்கொண்டு நடிக்கிற வேடம்தான் என்று சொல்லி அனுமதி வாங்கி வந்துவிட்டாராம்.

மூன்றாம் நாள் ஒத்திகை இல்லாததால் மாமல்லபுரம் போனேன். கடற்கரைக் கோயில் வாசலில் ஒரு வழிகாட்டி வெள்ளைக்காரத் தம்பதியிடம் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். இங்கே ஏழு கோயில்கள் இருந்தன, அழகைப் பார்த்துப் பொறாமைப்பட்ட தேவர்கள் கடலை ஏவி அவற்றில் ஆறை மூழ்கடித்துவிட்டார்கள். ஆதாரம் இருக்கிறதா என்று அந்த அம்மாள் கேட்டார். இருக்கிறது, தண்ணீருக்குள், என்றார் வழிகாட்டி. அவர்கள் போனபிறகு என்னிடம் தமிழில் சொன்னார்: "ஏழுன்னு சொன்னாதான் சார் அவுங்க கடலைப் பாக்கறாங்க. ஒண்ணுன்னு சொன்னா கோயில போட்டோ புடிச்சிட்டுப் பூடுவாங்க." அவர் சொன்னபிறகு நானும் கடலைத்தான் நிறைய நேரம் பார்த்தேன். திரும்பும் பஸ்ஸை அதனால் தவறவிட்டு, மீன் ஏற்றிவந்த ஆட்டோவில் புதுப்பட்டினம் வந்தேன். சட்டையை அன்று இரண்டு முறை துவைக்கவேண்டியிருந்தது.

அன்று மாலை அன்பரசுவின் மனைவி ஸ்டெல்லா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். கடைத்தெருவில் டெய்லர் கடை வைத்திருக்கிறார். அரசனின் உடையை அவரே தைத்துக்கொண்டிருந்தார். ஜரிகை வைத்த மேலங்கி தையல் எந்திரத்தின்மேல் கிடந்தது. அதன்மேல் என் நாடகத்தின் நகல். எந்த இடத்தில் அரசன் அங்கியைக் கழற்றிவிட்டு விறகில் படுக்கிறான் என்று தெரிந்தால்தான் கொக்கி எங்கே வைப்பது என்று தெரியும், அதற்காகக் கடைசிவரை படித்தேன் என்றார்.

"சார், இதுல எங்க வூட்டுக்காரர் பேரு கீது."

எனக்குப் புரியவில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். சாக்பீஸால் கோடு போட்டிருந்தார்.

*அன்பரசே இந்நூற்றில் ஆவிவைத்தாய் ஆகையினால்*
*இன்பமெலாம் விட்டே எரிபுகுவாய்*

ஏழு மாதம் பார்த்த வரி. மூன்று மேடையில் கேட்ட வரி. இந்த ஊரில் இரண்டு நாளாக அன்பரசு, அன்பரசு என்று ஒரு மனிதரைக் கூப்பிட்டும் இருக்கிறேன். இரண்டும் ஒன்று என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"அது பேர் இல்லம்மா. அன்பு, அரசே. அன்பான அரசனே என்று அர்த்தம்."

"பிரிச்சாலும் சேத்தாலும் அவருதான சார்."

கடைசிப் பக்கத்தை நான் இன்னொரு முறை படித்தேன்.

"நான் சர்ச்சுக்குப் போறவ. சாபம், சூனியம் எதையும் நம்பறவ இல்ல. ஆனா அடுத்த வாரம் அவரு நெஞ்ச அறுக்கப் போறாங்க. இந்த வாரம் அவரு பேரைச் சொல்லி நெருப்புல போன்னு பாடினா, நான் எப்படி சார் முன்னால குந்திகினு பாக்கறது? அந்த ஒரு வார்த்தைய மாத்திக் குடுங்க."

இங்கே என்னைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லவேண்டும். எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. மோனைதான் வந்தது. அந்தச் சொல்லை எடுத்தால் மோனை போய்விடும் என்று சொன்னேன்.

"மோனைன்னா இன்னா சார்?"

"முதலெழுத்து ஒன்றி வருவது. அன்பரசே, ஆவி, ஆகையினால். அ, ஆ, ஆ."

ஸ்டெல்லா வரியை விரலால் தடவினார். "அந்த ஆவியும் அவருதுதான சார்," என்றார்.

முப்பத்திரண்டு வருடம் யாப்பு நடத்தியவன் நான். மோனைக்கு இப்படி ஒரு விளக்கம் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. மாற்றித் தருகிறேன் என்று சொன்னேன்.

"அவருக்குத் தெரிய வோணாம் சார். தெரிஞ்சா பேஜாரு பண்ணுவாரு."

சரி என்றேன்.

நான்காம் நாள் காலையில் அன்பரசுவே ஸ்கூட்டரோடு வந்து நின்றார். கடப்பாக்கம் போகலாம், ஆலம்பரைக் கோட்டை பார்க்காமல் நீங்கள் ஊருக்குப் போகக்கூடாது என்றார். அவரை ஸ்கூட்டர் ஓட்டவைக்க எனக்கு மனமில்லை. நானே ஓட்டினேன். முப்பது கிலோமீட்டரும் அவர் பின்னால் உட்கார்ந்து, "சார், ஹாரன் அடிங்க. ஹாரன் அடிக்காம போனா சந்தேகப்படுவாங்க," என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

கோட்டை பாதிக்குமேல் இடிந்து கிடக்கிறது. பல்லவர் காலத்துக்கும் அதற்கும் ஏறக்குறைய எண்ணூறு வருட இடைவெளி உண்டு. வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவரிடம் வழி கேட்டோம். "பாட்டு கேட்டு எரிஞ்சாரே ஒரு ராஜா, அவரு கோட்டைதான். செவுரு பாருங்க, கருப்பா கீது," என்றார். சுவர் கருப்பாகத்தான் இருந்தது. சினிமாக்காரர்கள் வந்து நெருப்பு மூட்டிய இடம் என்று அன்பரசு என் காதில் சொன்னார்.

மணலில் நடக்கையில் அவர் மூன்று முறை நின்றார். ஒவ்வொரு முறையும் கடலை ரசிப்பதுபோல இடுப்பில் கை வைத்துக்கொண்டார். நானும் ரசித்தேன். பிறகு ஒரு கீற்றுக்கொட்டகையில் வறுத்த சங்கராவும் சோறும் சாப்பிட்டோம். அவர் எண்ணெய் சேர்க்கக்கூடாது. என் தட்டில் இருந்து ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, இது உங்கள் மீன், கணக்கில் வராது என்றார்.

"இருபது வருசமா ஈட்டி புடிச்சிகினு நின்னேன் சார். காவலன். எல்லா நாடகத்துலயும் காவலன். 'மன்னா, தூதுவன் வந்திருக்கிறான்.' அவ்ளோதான் வசனம். ஒரு நாடகத்துல தூதுவனையும் கட் பண்ணிட்டாங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"கடைசிப் பாட்டுல என் பேரு கீது, பாத்தீங்களா?"

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தேன்.

"மொத நாளே பாத்துட்டேன். யாருகிட்டயும் சொல்லல. சொன்னா ஸ்டெல்லா பயந்துடும். எங்கயோ மலேசியாவுல குந்திகினு, என்னைத் தெரியாமலே ஒருத்தர் என் பேரைப் பாட்டுல வெச்சிருக்காரு. என் பேரு சம்பள சிலிப்புல வந்துகீது. ரேஷன் கார்டுல வந்துகீது. இப்ப ஆஸ்பத்திரி ஃபைல்ல வந்துகீது. பாட்டுல வந்ததே இல்ல சார்."

"பயமாக இல்லையா?"

"ஆபரேஷனுக்குப் பயந்தான். பாட்டுக்கு இன்னா பயம்? அத்த கேட்டும் ஒண்ணும் ஆவலன்னா, இதுக்கும் ஒண்ணும் ஆவாதுன்னு ஒரு தைரியம் வரும் இல்ல?"

திரும்பும்போது ஹாரன் அடிக்க மறந்துகொண்டே வந்தேன். ஒருவருக்கு அந்தச் சொல் வேண்டும். ஒருவருக்கு அந்தச் சொல் வேண்டாம். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், ஒருவருக்குத் தெரியக்கூடாது என்று மற்றவர் என்னிடம் வந்து ரகசியம் சொல்கிறார். மணலில் அவர் மூன்று முறை நின்றதைப் பார்க்காமல் இருந்திருந்தால் நான் வேறு மாதிரி முடிவெடுத்திருப்பேன். ஸ்டெல்லாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்தேன்.

அன்று மாலை கடையில் ஜமால் பாயும் சங்கீதாவும் நானும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். விஷயத்தைச் சொன்னதும் சங்கீதா முகம் மாறியது.

"முழுப் பாட்டும் பாடாம பாதி பாடினா சார்? எதுக்குமே ஒரு லிமிட் இருக்கும். அதுக்குக் கீழ இருந்தா ஆபத்தில்ல."

வெண்பாவுக்கு அப்படி ஒரு அளவை யாரும் நிர்ணயித்ததாகத் தெரியவில்லை என்றேன்.

மாற்றுச் சொல் தேடினோம். மோனை போனாலும் எதுகை போகக்கூடாது என்பது என் நிபந்தனை. தென்னரசே என்றேன். "தென்னரசு நம்ம லைட்டு போடற பையனோட அப்பா சார்," என்றார் ஜமால் பாய். பொன்னரசே. "பொன்னரசு அட்டாமிக் கான்டீன்ல கீறாரு. முன் வரிசையில வந்து குந்துவாரு." எதுகையையும் விட்டுவிட்டுத் தேடினேன். தமிழரசு ஒப்பனைக்காரர். புகழரசு சங்கீதாவின் மாமனார். இளவரசு மூன்று பேர் இருந்தார்கள். அரசர்களை ஒழித்துவிட்டு மக்களாட்சி கொண்டுவந்த கையோடு, தமிழர்கள் தங்கள் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அரசன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். இந்த நாட்டில் எந்த அரசனையும் யாரையும் புண்படுத்தாமல் எரிக்க முடியாது.

கடைசியில் மன்னவனே என்று வைத்தோம். எதுகை நின்றது. மோனை போனது. கல்யாணப் பத்திரிகைக்கு எழுதிய வெண்பாபோல ஆகிவிட்டது. அந்தப் பெயரில் ஊரில் யாரும் இல்லை என்று ஜமால் பாய் இரண்டு பேருக்குப் போன் போட்டு உறுதி செய்துகொண்டார்.

ஐந்தாம் நாள் மாலை ஆறரைக்கு நாடகம். கூடம் நிறைந்துவிட்டது. ஸ்டெல்லா முதல் வரிசையில், அவசரத்துக்குக் குத்த நான்கு ஊக்குகளைச் சேலைத் தலைப்பில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மேடையின் ஓரத் திரைக்குப் பின்னால் நின்றேன். எனக்கு முன்னால், படிக்கட்டில் உட்கார்ந்திருந்த இரண்டு வடநாட்டு இளைஞர்கள் இந்தியில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. இந்திப் படங்கள் பார்த்துப் பழகியதால் எனக்கு ஓரளவு புரிந்தது.

"பாட்டைக் கேட்டால் செத்துவிடுவான் என்று தெரிகிறதே, அவன் ஏன் எழுந்து போகவில்லை?"

"தமிழ் தெரியாமல் நமக்கே போக மனம் வரவில்லையே. அவனுக்குத் தமிழ் தெரியும்."

ஐந்து பந்தல்கள் எரிந்தன. சிவப்பு விளக்கு, மேசை மின்விசிறி, ஆரஞ்சு நிற ரிப்பன் துணிகள், பார்ப்பதற்கு நெருப்பேதான். அன்பரசு காவலனாக நின்ற இருபது வருடத்தில் எத்தனை அரசர்களைக் கவனித்திருக்கிறார் என்று அன்றுதான் தெரிந்தது. நடை, திரும்புதல், கையை ஏந்துதல் எல்லாம் அளந்து வைத்தாற்போல இருந்தது. ஆறாவது பந்தலில் அங்கியைக் கழற்றினார். கொக்கி ஒரே இழுப்பில் விட்டுக்கொடுத்தது. விறகில் படுத்தார். கண்ணை மூடினார். முகத்தில் அப்படி ஒரு எதிர்பார்ப்பு.

"மன்னவனே இந்நூற்றில் ஆவிவைத்தாய்," என்று சங்கீதா தொடங்கினார்.

அன்பரசு கண்ணைத் திறந்தார். முழங்கையை ஊன்றி எழுந்தார். கையை உயர்த்தினார். நாடகத்தில் இல்லாத வசனத்தை, நாடகத் தமிழிலேயே பேசினார்.

"நிறுத்து. என் தம்பி எழுதிய சொல் இது அல்ல. என் பெயரைப் பாட்டிலிருந்து எடுத்தவர் யார்?"

கூடம் அதிரக் கைதட்டல். நாடகத்தில் உள்ளதுதான் என்று நினைத்துவிட்டார்கள். ஜமால் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். சங்கீதா என்னைப் பார்த்தார். நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன்.

அன்பரசுவும் இப்போது ஸ்டெல்லாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதியவன் ஓரத்தில் நிற்கிறேன். என்னை அவர் சந்தேகிக்கவே இல்லை.

ஸ்டெல்லா எழுந்து நின்றார். பின்னாலிருந்து ஒருவர், "உக்காரும்மா, மறைக்குது," என்றார். அவர் உட்காரவில்லை. புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றார். மின்விசிறியில் ரிப்பன்கள் படபடக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"பாடும்மா," என்றார் ஸ்டெல்லா. நாடகத் தமிழில் இல்லை. "பேரோடயே பாடு. அவரு கேக்கட்டும்."

சங்கீதா பாடினார். அன்பரசே என்று எடுத்து, அந்த ஏகாரத்தை அவர் இழுத்த இழுப்பில் என் ஏழு மாதமும் இருந்தது. அன்பரசு படுத்துக்கொண்டு, அரசன் செய்யக்கூடாத ஒரு காரியம் செய்தார். சிரித்தார். ஆவி, ஆகையினால் எல்லாம் அதனதன் இடத்தில் வந்து விழுந்தன. எரிபுகுவாய் என்றதும் விளக்குகள் சிவந்தன. திரை விழுந்தது.

அவர் எழுந்திருக்கவில்லை.

ஸ்டெல்லாவுக்கு முன்னால் நான் ஓடினேன். அறுபத்தொரு வயதில் அப்படி ஓடியிருக்கக்கூடாது. கதைக்கு ஆதாரம் இல்லை என்று வகுப்பு வகுப்பாகச் சொல்லிக்கொடுத்தவன், என் வெண்பாவை முதல்முறையாக நம்பினேன். அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"சார், தட்றாங்களா இன்னும்?" என்றார் கண்ணைத் திறக்காமல். தட்டுகிறார்கள் என்றேன். "அப்ப இன்னும் கொஞ்ச நேரம் செத்துக் கெடக்கறேன்."

ஸ்டெல்லா வந்து, மேடையிலேயே, அவர் மார்பில் அங்கியைப் போர்த்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. இருந்திருந்தால் நியாயம்தான்.

மறுநாள் நான் ஊர் திரும்பவேண்டியவன். திரும்பவில்லை. கிள்ளானில் மகளுக்குப் போன் செய்து, ஒரு பாட்டு விஷயமாக இருக்கவேண்டியிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். ஒலிபெருக்கிகளுக்கு நடுவே மேலும் நான்கு நாட்கள் படுத்து எழுந்தேன். ஜமால் பாய் நாஸ்தா கொண்டுவருவார், அது ஒலிபெருக்கிமேல் ஆறிக் கிடக்கும். ஆபரேஷனில் ஏதாவது ஆகிவிட்டால் அதற்குக் காரணம் அடைப்பு என்று டாக்டர் சொல்வார். ஸ்டெல்லா அப்படிச் சொல்லமாட்டார். நானும் சொல்லமாட்டேன் என்பதுதான் என்னை வதைத்தது.

ஆபரேஷன் கேளம்பாக்கம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில். காலை ஏழு மணிக்கு அவரை உள்ளே கொண்டுபோனார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்ட நீண்ட கூடத்தில் ஸ்டெல்லாவும் நானும் உட்கார்ந்தோம். அவர் யாருடைய ரவிக்கைக்கோ கொக்கி தைத்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்கு நான் கான்டீனிலிருந்து காபி வாங்கி வந்தேன். அதைக் காபி என்று சொல்லி எங்கள் ஊரில் விற்றால் கடையை மூடிவிடுவார்கள். இருவரும் மிச்சம் வைக்காமல் குடித்தோம்.

"சார், அத்த எழுதறப்ப யாரையாவது மனசுல நெனச்சிகினு எழுதினீங்களா?"

"இல்லம்மா. யாரையும் நினைக்கவில்லை."

"கெட்ட எண்ணம் எதுவும்?"

"மோனை மட்டும்தான்."

தலையை ஆட்டிவிட்டு அடுத்த கொக்கியை எடுத்தார். சற்று நேரம் கழித்து, "நான்தான சார் பாடச் சொன்னேன்," என்றார். ஊசி கையில் நின்றுவிட்டது. இத்தனை நாளும் அவர் என்மேல் பழிபோடுவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் தன்மேல் போட்டுக்கொண்டிருந்தார். ரவிக்கையையும் கொக்கிப் பொட்டலத்தையும் அவர் கையிலிருந்து வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டரை மணிக்குப் பச்சை உடையில் டாக்டர் வெளியே வந்தார். அன்பரசு கூட வந்தவர்கள் யார் என்று கேட்டார். இருவரும் எழுந்தோம். நல்லபடியாக முடிந்தது, இதயம் தானாகத் துடிக்கிறது, சாயந்திரம் கண் விழிப்பார், போய்ப் பார்க்கலாம் என்றார். சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

ஸ்டெல்லா நாற்காலியில் உட்கார்ந்து தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் கொக்கிப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்க பாட்டு வேலைக்கே ஆவல சார்," என்றார்.

ஆமாம்மா என்றேன். அழுதுவிட்டேன்.